மயிலுக்கு மூன்று கால்

கே: முருகன் படம் கேட்டால் ஏஐ நொடியில் வரைந்து தருகிறதே, இனி சிவகாசி காலண்டருக்கு வேலை உண்டா?

ப: நிச்சயமாக உண்டு. எனக்கு அது வரைந்து தந்த மயிலுக்கு மூன்று கால்! அதைத் திருத்திவிடுவார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த முருகனின் கனிந்த முகம் எங்கிருந்து வந்தது? ஓவியர் கொண்டைய ராஜுவின் தூரிகையிலிருந்து. அவர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் சீடர்களும் தீட்டிய சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் அடித்துக் குவித்தன. மேலே லட்சுமி, கீழே மளிகைக் கடை முகவரி; பூஜையறையே இல்லாத வீட்டிலும் அவள் குடியேறினாள். 1976-ல் மறைந்த அந்தக் கலைஞருக்கு ஏஐ ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்று: ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் செல்போனிலும் இருக்கின்றன. இருந்தும் ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளியானால் ஆர்டர் வருகிறது. தாத்தா கண்ணாடி போடாமலே படிக்கும் தேதி, சார்ஜ் கேட்காத தேதி, தினசரித் தாளில்தானே இருக்கிறது?

கே: பட்டாசுப் பெட்டியில் க்யூஆர் கோடு எதற்கு?

ப: அது சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி அங்கீகரித்த பசுமைப் பட்டாசுதானா என்று சரிபார்க்க. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தது. சிவகாசியில் பலருக்குப் பிழைப்பே போனது. வாங்குபவரின் நுரையீரலைக் காக்கும் அந்த க்யூஆர் கட்டத்தில், வெடிமருந்து கலந்த தொழிலாளி எத்தனை பேரோடு எந்த அறையில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்க்கட்டும். ஸ்கேன் செய்ய நான் தயார்.