இன்மைச் சான்றியல்: அயல்நாடு செல்வோரின் போலீஸ் சர்டிபிகேட் குறித்த ஓர் ஆய்வு

அயல்நாட்டில் குடியேறவோ வேலை பார்க்கவோ புறப்படும் ஒருவர், தம்மைப் பற்றிப் பாதகமான தகவல் ஏதும் அரசிடம் இல்லை என்று அரசிடமிருந்தே எழுதி வாங்கிக்கொள்ளும் தாள், அலுவலக வழக்கில் காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழ் எனவும், ஏஜென்சிக்காரர் வழக்கில் பி.சி.சி. எனவும், வீட்டார் வழக்கில் போலீஸ் சர்டிபிகேட் எனவும் வழங்கும். இதனைப் பெறுவது எப்படி என்று விளக்குவோர் தெருவுக்கு ஒருவர் உளர். இது எதனைச் சான்றளிக்கிறது என்று ஆராய்ந்தோர் அரியர். அக்குறையை ஓரளவேனும் நிரப்ப முற்படும் இக்கட்டுரை, இத்துறைக்கு இன்மைச் சான்றியல் என்று தற்காலிகமாகப் பெயரிட்டுக்கொள்கிறது.

இத்துறையின் தலையாய சிக்கல் அளவை பற்றியது. அளவையாவது ஒன்றை உண்மையென அறிவதற்குரிய வழி. காண்டல், கருதல் எனத் தொடங்கும் அவ்வழிகளை மணிமேகலையின் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிதலே அபாவம். தரையில் குடம் இல்லை என்பது தருக்க நூலார் வழிவழியாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இல்லாமையை அறிவது தனியொரு அளவையா, அன்றிக் காண்டலுள் அடங்குவதா என்பதில் பாட்ட மீமாம்சகரும் நியாயவாதிகளும் நூற்றாண்டுக் கணக்கில் உடன்படாமல் இருந்தனர். இந்திய வெளியுறவு அமைச்சகம் அவ்வழக்கை 500 ரூபாய்க் கட்டணத்தில் தீர்த்து வைத்திருக்கிறது: ஏட்டில் பெயர் இல்லை, ஆகவே இல்லை.

சான்றிதழின் வாசகத்தை நிதானமாகப் படிப்போர், விண்ணப்பதாரர் நல்லவர் என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை என்பதைக் கவனிப்பர். இன்ன எண்ணுள்ள பாஸ்போர்ட்டை உடையவருக்கு இன்ன நாட்டு விசா உள்ளிட்ட பயண வசதிகளை மறுக்கத்தக்க பாதகத் தகவல் ஏதும் இல்லை என்ற அளவோடு அது நின்றுகொள்கிறது. நாட்டின் பெயரும் அதில் குறிக்கப்படுவதால், குவைத்துக்குப் பழுதற்றவர் கனடாவுக்கும் பழுதற்றவர்தாமா என்பது தனி விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணத்துக்கும் உரிய வினாவாகிறது. சுற்றுலா விசாவில் செல்வோருக்கோ இச்சான்றிதழ் வழங்கப்படுவதே இல்லை. ஆகவே நயாகரா அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவரின் ஒழுக்கம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. அங்கேயே தங்கி முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்யப் போகிறவரின் ஒழுக்கமே ஐயத்துக்குரியது.

பொறுப்பேற்க வருவோரின் பழுதின்மையைச் சோதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்வுக்கு நிற்போரின் தகுதிகளை வரையறுக்கையில், சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது ஆகியவற்றோடு அமையாமல், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் விலக்குகின்றன. அவரை மட்டுமோ எனில், அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், சகோதரியின் கணவர் என உறவுமுறை நெடுகவும் விலக்கு நீள்கிறது. பாஸ்போர்ட் அலுவலகங்கள் இன்று இந்த அளவுகோலைக் கையில் எடுக்குமானால், திருச்சி விமான நிலையத்தைக் கல்யாண மண்டபமாக வாடகைக்கு விட வேண்டி நேரும்.

குற்றப் பதிவுகளை ஒழுங்குபடத் தொகுத்து வைத்து, கேட்டபோது பார்த்துச் சொல்லும் முறை 1850இல் பிரான்சில் ஏற்பட்டது. இன்று அந்நாட்டில் ஒருவருடைய பதிவிலிருந்து மூவகைப் பிரதிகள் எடுக்கப்படுகின்றன: நீதிபதிக்குச் செல்வது முழுமையானது, குறிப்பிட்ட சில அலுவலகங்களுக்குச் செல்வது சற்றே சுருங்கியது, உரியவர் கையிலேயே தரப்படுவது மிகவும் சுருங்கியது. ஒரே மனிதருக்கு மூன்று ஒழுக்கங்களை ஒதுக்கிய இந்த நுட்பம் நம் நாட்டில் உரிய கவனம் பெறவில்லை. விரல் ரேகையோ நம் பக்கத்துச் சரக்கு. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்காக அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் உழைத்தனர். முறைக்கு மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் வழங்கலாயிற்று.

நகைப்புக்கு இடமில்லாத ஒரு பகுதியும் இவ்வரலாற்றில் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த காலத்தில், அதன்கீழ்ப் பதியப்பட்ட சமூகத்தினர் வழக்கு ஏதும் இல்லாமலே, பிறப்பொன்றையே காரணமாகக் கொண்டு கைரேகை வைக்க வேண்டியவராயினர். பக்கத்து ஊருக்குச் சென்று தங்கவும் அவர்களுக்கு ராதாரிச் சீட்டு தேவைப்பட்டது. ராதாரிச் சீட்டாவது, இன்னார் இன்ன ஊருக்குப் போக அனுமதி பெற்றவர் என்று எழுதித் தரப்படும் வழிச்சீட்டு. மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. குற்றவாளியல்ல என்று தாள் காட்டினாலன்றி ஊரைவிட்டு நகர முடியாத நிலையை அச்சமூகத்தாரின் பாட்டனார்கள் விசா என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அறிந்திருந்தனர்.

இனி நடைமுறை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு செல்பவரின் முந்தைய காவல் விசாரணை அறிக்கை கணினியில் தெளிவாக இருப்பின், அன்றே சான்றிதழ் கைக்கு வருவதுண்டு. 2022 செப்டம்பர் இறுதியிலிருந்து அஞ்சலகப் பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். இவ்வாறு எளிதில் முடிவன இன்மைச் சான்றியலுக்குப் பயன்படாதவை. முகவரி மாறியவர், பாஸ்போர்ட் எடுத்துப் பல்லாண்டு ஆனவர் போன்றோரின் விண்ணப்பங்கள் காவல் நிலையத்துக்குத் திரும்புகின்றன. ஆய்வுக்குரிய தரவு அங்குதான் திரளுகிறது.

விசாரணை பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கும்: "பாஸ்போர்ட் என்கொயரி. ஆதார், ரெண்டு போட்டோ, சாட்சி ரெண்டு பேரு." வீட்டுக்கே வருமிடத்து விசாரணை அலுவலர் பெரிதும் மப்டியிலேயே வருவார். பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போடப்படும். "காபியா, டீயா சார்?" என்னும் வினாவுக்கு "அதெல்லாம் எதுக்கும்மா" என்பது விடையாகவும், டீ என்பது பொருளாகவும் கொள்ளப்படும். எந்த நாடு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற மூன்று வினாக்களில் கடைசி வினா படிவத்தில் இல்லை. "கேஸ் கீஸ் ஏதாவது இருக்கா?" என்ற முதன்மை வினா இறுதியில், கோப்பின் மீதிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கப்படும், உண்டு என்று அதற்கு விடை சொன்னவர் இருப்பதாகத் தெரியவில்லை. பின்னர்க் கோப்பு மூடப்படும். கோப்பு மூடிய பின்னும் வந்தவர் எழாமல் அமர்ந்திருக்கும் சிறு இடைவெளி சிற்சில இடங்களில் நேர்வதுண்டு. அவ்விடைவெளியில் குடும்பத் தலைவர் உள்ளறைக்குச் சென்று, பீரோ திறந்து மூடும் ஓசை கேட்டபின் திரும்பி வருவார். கட்டண அட்டவணையில் இதற்குத் தலைப்பு ஒதுக்கப்படவில்லை.

சாட்சிகளைப் பற்றித் தனியே விரிக்க வேண்டும். விண்ணப்பதாரரை அறிந்த அண்டை வீட்டார் இருவர் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு, பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றித் தெருமுனைக் கடையில் விசாரிப்பதை ஒத்ததாயினும், குடிப்பாரா என்று பெண் வீட்டார் கேட்பதும் வழக்கு உண்டா என்று மட்டும் காவல்துறை கேட்பதும் நோக்கத்தக்கது. ஒருவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், யார் யாரிடம் கைமாற்று வாங்கினார், மாமியாரிடம் என்ன குரலில் பேசுகிறார் என்பவற்றையெல்லாம் அறிந்த ஒரே ஆவணக் காப்பகம் அண்டை வீடு. அக்காப்பகத்திடம் கேட்கப்படுவதோ ஒரு கையெழுத்தும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே. இதனினும் வியப்புக்குரியது, நெருங்கிப் பழகுவோர் கையெழுத்திடத் தயங்குவதும் ("நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து நம்மளக் கூப்பிட மாட்டாங்களே?") பகைவர் தயங்காமையும் ஆகும். சாக்கடை நீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் நான்கைந்து ஆண்டுகள் பேச்சுவார்த்தை இன்றியிருக்கும் எதிர்வீட்டுக்காரர் பேனாவைத் தாமே கொண்டுவந்து கையெழுத்திடுவார். விண்ணப்பதாரரைச் சட்டத்துக்கு உட்பட்டு நியூசிலாந்து வரை அப்புறப்படுத்த அவர் கையில் வேறு வழி இல்லை.

அடுத்தது பெயர்ச் சிக்கல். தமிழரின் பெயர் முன்னெழுத்தோடு முடிந்துவிடுவது. பாஸ்போர்ட்டோ முன்னெழுத்தை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடச் சொல்வது. இதனால் கா. முருகன் அயல்நாட்டு ஏடுகளில் திரு. காளிமுத்து ஆகிறார், நடத்தைச் சான்றும், கூர்ந்து நோக்கின், தந்தையார் பெயருக்கே சேர்கிறது. காவல் நிலைய ஏட்டில் மனிதர்கள் வேறு முறையில் உறைகின்றனர்: பெயர், (எ) என்ற குறி, பட்டப்பெயர், த/பெ, தந்தை பெயர். அடைப்புக்குள் நிற்கும் அந்த எகரம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால் குடியேற்ற வாய்ப்பு மங்குகிறது என்பதும், அது இல்லாத முருகன் த/பெ காளிமுத்து ஒரே வட்டத்தில் மூவர் இருப்பின் மற்ற இருவரின் நடத்தையும் தம் பொறுப்பில் வந்துவிழும் என்பதும் இத்துறையின் அடிப்படைப் பாடங்கள்.

ஏட்டில் பெயர் ஏறுவதற்குக் கொலையும் கொள்ளையும் வேண்டியதில்லை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலகம் செய்ததாக 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்து 75ஆம் பிரிவில் எழுதப்படும் 'பெட்டி கேஸ்', தண்ணீர் லாரி வரவில்லை என்று காலிக் குடங்களோடு செய்த சாலை மறியல் ஆகியவையும் போதும். கொரோனா ஊரடங்கில் வெளியே வந்ததற்காகத் தமிழ்நாட்டில் பதியப்பட்ட வழக்குகளில் சுமார் 10 லட்சம் திரும்பப் பெறப்படும் என 2021 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அந்த அறிவிப்பு வராதிருப்பின், பால் வாங்கப் போன குற்றத்தால் கனடா நிரந்தர வசிப்புரிமை இழந்தவர் என்றொரு புதிய வகையினர் இவ்வாய்வுக்குக் கிடைத்திருப்பர். கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடிய இடிந்தகரை வட்டாரத்தாருக்கு இது கற்பனையாக இருக்கவில்லை. வழக்குகளில் பெயர் இருந்ததால் வளைகுடா வேலைக்குப் போக முடியாமல் நின்ற இளைஞர்கள் அங்கு உண்டு. குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதைக் காட்டிப் பாஸ்போர்ட்டையே மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது; நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே அத்தடையைக் கடக்க முடியும்.

கேட்கும் நாடுகளின் போக்கும் ஆராயத்தக்கது. கடந்த பத்தாண்டுகளில் மொத்தம் பன்னிரண்டு மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று கேட்கும் ஆஸ்திரேலியா, மனிதரின் நடத்தை 16 வயதில் தொடங்குவதாகக் கருதுகிறது. தொடர்ந்து ஆறு மாதம் தங்கிய நாடுகளிலிருந்து கேட்கும் கனடா, அது 18 வயதில் தொடங்குவதாகக் கொள்கிறது. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் பொறுப்பானவர். ஜப்பான் காவல்துறை தரும் சான்று ஒட்டிய உறையில் வரும். உரியவர் பிரித்துப் பார்த்தால் அது செல்லாது. தம் ஒழுக்கம் எப்படிப்பட்டது என்பதைத் தம்மைத் தவிர ஏனையோர் அறியலாம் என்னும் இந்நிலை, பிரான்சின் மூன்று பிரதிகளைக் காட்டிலும் ஒருபடி முன்னேறியது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பத்து விரல்களின் ரேகையையும் கேட்கிறது. சிமெண்ட் குழைத்தும் பாத்திரம் தேய்த்தும் வாழ்ந்தவரின் விரல்களில் ரேகை தேய்ந்து தெளிவின்றிப் பதிவதால், உழைப்பின் அடையாளமே அடையாளச் சிக்கலாக முடிவதும் உண்டு. வளைகுடா அரசுகளோ இதில் அடிக்கடி மனம் மாறுவன. 2018 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகம் வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றைக் கட்டாயமாக்கி, ஏப்ரலில் நிறுத்தி வைத்தது. சவூதி அரேபியா 2022 நவம்பரில் இந்தியருக்கு அதிலிருந்து விலக்களித்தது. பிப்ரவரியில் ஐயத்துக்குரியவராக இருந்த கொத்தனார் ஏப்ரலில் எதனால் நம்பத்தக்கவரானார் என்பதற்கு அவருடைய நடத்தையில் விளக்கம் தேடுவது வீண்.

எஞ்சியிருப்பது, ஏற்கெனவே அயல்நாட்டில் வாழ்வோர் வேறொரு நாட்டுக்குக் குடிபெயர இந்தியச் சான்று கேட்கும் நிலை. விண்ணப்பம் அங்குள்ள தூதரகத்தில் கொடுக்கப்பட்டு, கடல் கடந்து, பாஸ்போர்ட்டில் உள்ள பழைய முகவரிக்குரிய காவல் நிலையத்தை அடைகிறது. அலுவலர் அவ்வீட்டுக்குச் செல்கிறார். பூட்டிய கதவைக் கண்டு பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார். "அந்தத் தம்பியா? அவரு துபாய் போயிப் பத்து வருஷம் ஆச்சே சார், இங்க வர்றதே இல்லையே" என்ற விடை கிடைக்கிறது. பத்தாண்டுகளாக ஊரிலேயே இல்லாதவர்மீது அவ்வூர் நிலையத்தில் வழக்கு ஏற வழியில்லை. குடமும் இல்லை, குடம் வைக்கத் தரையும் இல்லை. அபாவத்தின் இத்தகைய தூய வடிவத்தை மீமாம்சகரும் கண்டதில்லை. பாதகமான தகவல் இல்லை என்று எழுதிக்கொண்ட அலுவலர், விடை சொன்னவரிடமே கோப்பை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்.