கரையான் தின்றது போக மீதி

நெய்வேலியில் சேமிப்பின் வரலாறு மனிதனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரு காடு மொத்தமும் கோடி வருஷத்துக்கும் மேலாக மண்ணுக்கடியில் பத்திரமாகக் கிடந்தது. 1930களில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தோண்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்தது. 1956ல் அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டக் கம்பெனி வந்தது. 1957ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். இவ்வளவு நாள் தாங்கிய பதிவை நாம் ஓட்டிப் பார்க்க ஒரே வழிதான் வைத்திருக்கிறோம்: கொளுத்துவது. ஒருமுறை ஓடினால் சாம்பல், ரீவைண்ட் கிடையாது.

அடுத்த அத்தியாயம் இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தில். தேவார மூவர் பாடிய பதிகங்கள் மொத்தம் 1,03,000 என்று கணக்குச் சொல்கிறது திருமுறைகண்ட புராணம். எல்லாம் பனையோலையில், கோயிலுக்குள் ஒரு பூட்டிய அறையில். ராஜராஜ சோழன், தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியோடு போய்த் திறக்கச் சொன்னான். தில்லைவாழ் அந்தணர்கள் அசரவில்லை. மூவரின் கைக்காப்பு இட்ட அறை, அவர்களே வந்தால்தான் திறப்போம் என்றுவிட்டார்கள். மூவரும் சிவனடி சேர்ந்து பல தலைமுறை ஆகியிருந்தது. இறந்தவரின் நம்பருக்கு ஓடிபி போகும் சங்கடம் நம் காலத்தில் வந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க.

தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவன் இதற்கெல்லாம் மயங்குவானா? மூவர் திருமேனிகளையும் விழா எடுத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. உள்ளே கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்தால் பெரும்பகுதி ஏற்கெனவே ஜீரணமாகியிருந்தது. ராஜா கலங்கி நிற்க, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று ஓர் அசரீரி சமாதானம் சொன்னதாம். ஹார்ட் டிஸ்கைத் திருப்பித் தரும் சர்வீஸ் சென்டர்காரரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார், அசரீரியின் கம்பீரம்தான் இல்லை. நம் கைக்கு வந்தவை ஏறக்குறைய 800 பதிகங்கள்.

கதை இதோடு முடியவில்லை. ஓலையில் சொல் இருந்தது, பண் இல்லை. மூவரில் ஒருவரான சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். விருத்தாசலம் பக்கம், இன்று ராஜேந்திரப்பட்டினம் என்கிற திருஎருக்கத்தம்புலியூர். மெட்டெல்லாம் அவள் தொண்டையில் இருந்தது. கரையான் ஏறாத இடம். இத்தனை பெரிய உபகாரம் செய்தவளின் பெயரைப் புராணம் பதிவு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வருவோம். பிலிப்ஸ் 1963ல் வெளியிட்ட கேசட், எண்பதுகளில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் குடியேறியது. நோட்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கடையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது. கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தில் அறுந்து தொங்கும்; இடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் ரசனையைத் திணித்துவிடுவார். நாம் கேட்காத அந்தப் பாட்டுத்தான் இன்றைக்கும் மனப்பாடம். டேப் சிக்கினால் நடராஜ் பென்சில். அறுபட்டைப் பென்சில் கேசட் பல்லில் அப்படிக் கச்சிதமாக உட்காரும். பிலிப்ஸ்காரனே யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

சினிமாவுக்கு வாடகை டெக். ஒரு ராத்திரிக்கு மூன்று படம், திண்ணை நிறைய ஜனம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் மூன்றாவது படத்தில் உட்கார்ந்துவிடுவார். பிறகு விசிடி. ஒரு தட்டுக்கு 74 நிமிஷம். தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு தட்டு தீரும்போது வில்லன் உயிரோடு இருப்பான், கிளைமாக்ஸ் மட்டும் மூன்றாவது தட்டில். கீறல் விழுவதும் அதில்தான். டூத்பேஸ்ட் தேய்த்துப் பார்த்த தலைமுறை நாங்கள்.

விளையாட்டுக்கு டிவி கேம் கார்ட்ரிட்ஜ். அட்டையில் 9999999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே நாலைந்துதான், அவற்றையே வேகத்தை மாற்றி, லெவலை மாற்றி லட்சக்கணக்கில் எண்ணியிருப்பார்கள். தேவாரக் கணக்கும் இப்படித்தானோ என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம், எனக்கு வரவில்லை. கார்ட்ரிட்ஜ் ஓடாவிட்டால் வாயால் ஊதுவோம். எச்சில் ஈரம் பட்டுப் பின்கள் மெல்லக் கறுத்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஒரு பரீட்சை உண்டு. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கும். டேப்பில் பூஞ்சை, தட்டில் கீறல். பாதி லாரி ஏறும், பாதி காயலாங்கடைக்குப் போகும்.

இப்போது எல்லாம் ஓடிடியில் இருக்கிறது, பெட்டியே வேண்டாம் என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமல் போகிறது. அறை அவர்களுடையது, சாவி அவர்களுடையது. நாம் வாசலில் நிற்கிறோம், கையில் மூவர் திருமேனிகூட இல்லை.

அப்படியானால் உத்தம ஃபார்மட் எது? சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஓலைச்சுவடிகளில் இல்லாமல் போயிருந்தது. போன நூற்றாண்டில் அவ்வூர்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு நகலைச் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார். என் ஓட்டு அவருக்கு. கல் வேண்டும் என்பதில்லை, இன்னொரு நகல் இன்னோர் இடத்தில் இருந்தால் போதும்.

ஆகவே, பரணில் உங்கள் கல்யாண வீடியோ கேசட் இருந்தால் இந்த மாதமே இறக்குங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். ஒரு நகலை வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டில் வையுங்கள். சீக்கிரம் செய்யுங்கள்: உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது.