மீன்கறிக் கையும் கான்டாக்ட் லென்ஸும்

விழிக்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டுவிடுவதால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையைச் சென்றடையாமல் அதற்கு முன்னரே குவிந்துவிடும் நிலையே கிட்டப்பார்வை என்பது மருத்துவ நூல்கள் தரும் இலக்கணம். தக்கலைப் பேருந்து நிலையம் தரும் இலக்கணமோ, குலசேகரம் வண்டியையும் குளச்சல் வண்டியையும் பிரித்தறிய முடியாத நிலை என்பதாகும். இரண்டு பெயர்களும் 'கு' என்றே தொடங்குகின்றன. அடுத்த எழுத்தில் இருக்கும் லகர ளகர வேறுபாட்டை நாவால் காப்பாற்றுவதே அரிதாகிவிட்ட காலத்தில், அதை நாற்பதடி தொலைவிலிருந்து கண்ணால் காப்பாற்றுவது இன்னும் அரிது. ஒரு வண்டி மலையடிவாரத்துக்குப் போகிறது, மற்றது கடற்கரைக்கு. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அதே அரசரின் படைக்குத் தளபதியாகி, தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார் என்பதால், ஓரிடம் என்று புறப்பட்டு வேறிடம் சேர்வதற்கு இவ்வட்டாரத்தில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. ஆனால் டியூஷனுக்குப் போகாத பிளஸ் ஒன் மாணவி இம்முன்னுதாரணத்தைக் காட்டினால் எந்த வீட்டிலும் செல்லுபடியாவதில்லை.

பவர் மைனஸ் 5 என்றால், 1 மீட்டரை ஐந்தால் வகுத்து வரும் 20 செ.மீ. வரைக்கும்தான் வெறுங்கண்ணுக்குத் தெளிவு. அதாவது உலகம் ஒரு சாண் அளவுகூட இல்லை. கண்ணாடி இக்குறையைத் தீர்த்துவிடுகிறது என்றாலும், பதினாறு வயதுக்கு அது வேறொரு குறையைத் தருகிறது. 'சோடாபுட்டி' என்ற பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்வரை உதிர்வதில்லை. போதாததற்கு, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டத்தில், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே கண்ணாடியில் தாரை வழியத் தொடங்கிவிடுகிறது. அதற்குத் துடைப்பான் பொருத்தித் தரும் ஆப்டிக்கல்ஸ் கடை இதுவரை திறக்கப்படவில்லை.

ஆகவே கான்டாக்ட் லென்ஸ் என்ற பேச்சு எழுகிறது. எழுந்தவுடன் வீடு ஒரு மருத்துவக் குழுவாக மாறுகிறது. கண்ணில் போட்டது மறுநாள் மூளைக்குள் போய்விடும் என்பது பாட்டியின் கட்சி. "மக்ளே, பொறவு மண்டையைப் பொளந்துதான் எடுக்கணும் கேட்டியா" என்று அவர் சொல்லும்போது மறுப்பதற்கு எவருக்கும் துணிவு வருவதில்லை. உண்மையில் இமையின் உட்புறத்திலிருந்து மடிந்து வெண்விழியைப் போர்த்தும் இமையிணைப்படலம் பின்வழியை முழுவதும் அடைத்திருப்பதால், லென்ஸ் மேலிமைக்குள் ஒதுங்கலாமே தவிர மண்டைக்குள் பயணம் செய்ய இயலாது. போடுவதுதான் போடுகிறோம், பூனைக்கண் நிறத்தில் வாங்கினால் என்ன என்பது அத்தையின் கட்சி. தகப்பனாரின் கட்சி கணக்குக் கட்சியாகும்.

இக்கணக்குக் கட்சிக்கு முதல் இடையூறு வெள்ளெழுத்து, அதாவது நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்ட உள்ள எழுத்து மங்கிப்போகும் நிலை. லென்ஸ் பெட்டியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருக்கும் 8.6 என்பது லென்ஸின் உட்புற வளைவு ஆரத்தையும், 14.2 என்பது அதன் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிப்பவை. அவற்றைத் தகப்பனார் கையை எட்ட நீட்டியும் வாசிக்க முடியாமல் மகளிடம் நீட்ட, அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துச் சரளமாக வாசிக்கிறாள். கண்ணாடியில் மைனஸ் 5 என்று இருந்தது பெட்டியில் மைனஸ் 4.75 என்று இருப்பதைக் கேட்டதும், கால் பாயின்டைக் கடைக்காரர் அமுக்கிவிட்டார் என்ற ஐயம் எழுகிறது. கண்ணாடி விழியிலிருந்து 12 மி.மீ. அளவு தள்ளி நிற்க, லென்ஸ் விழியின்மேலேயே உட்கார்ந்துவிடுவதால், அதே வேலைக்குக் குறைந்த பவர் போதும் என்று விளக்கப்படுகிறது. ஐயம் தீர்வதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது.

விலையிலும் பெரிய வழக்கு, தினம் ஒன்றாகப் போட்டெறியும் லென்ஸா, மாதம் முழுதும் கழுவிக் கழுவிப் போடும் லென்ஸா என்பது. முதல்வகைக்கு இரண்டு கண்ணுக்கும் ஆண்டுக்கு 730, இரண்டாம்வகைக்கு 24 என்ற கணக்கு தகப்பனாரை உறங்கவிடுவதில்லை. தினசரி லென்ஸையே இரவில் அலசிவைத்து மறுநாளும் போட்டால் என்ன என்ற யோசனை விடியற்காலையில் அவருக்குப் பிறக்கிறது. பந்தியில் உண்ட வாழையிலையைக் கழுவி நாளைக்கு என்று எடுத்துவைப்பவர் உண்டா என்று கேட்டால்தான் இந்த யோசனை அடங்கும். மாத லென்ஸ் சில்வர் தட்டு. தேய்க்கச் சோம்பாதவருக்கே அது ஆகும்.

எந்த வகையானாலும் உறக்கமும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. கருவிழிக்கு இரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜனை அது காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. லென்ஸோடு உறங்கினால் இவ்வழி அடைபடுகிறது. கிணற்றுநீர், குளத்துநீர், குழாய்நீர் எதுவாயினும் அதிலிருக்கக்கூடிய அக்கந்தமீபா என்னும் ஓரணு உயிரி லென்ஸடியில் தங்கிக் கருவிழியை அரித்துவிடக்கூடும். திற்பரப்பு அருவியில் லென்ஸோடு தலைகாட்டுபவர் இந்த உயிரிக்குத் தப்பினாலும் லென்ஸ் அருவிக்குத் தப்புவது ஐயமே.

1888-இல் அடால்ஃப் ஃபிக் விவரித்த முதல் லென்ஸ் வெறும் கண்ணாடி. 1961 கிறிஸ்துமஸின்போது ஒட்டோ விக்டர்லே தம் வீட்டிலேயே, குழந்தைகளின் விளையாட்டு உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு கருவி செய்து மென்லென்ஸ் வார்த்தார். அவ்வளவு உழைப்பில் பிறந்த பொருள் இன்று விரல்நுனியில் சிரட்டை போல் குவிந்து நிற்கிறது. ஓரம் தாம்பாளம் போல் வெளியே விரிந்தால் உள்வெளி மாறிவிட்டதென்று பொருள். அது கைதவறித் தரையில் விழுந்தால், தேடவேண்டியவருக்கு அது இல்லாமல் கண் தெரியாது என்பதால், வீட்டார் அனைவரும் முழங்காலிட வேண்டியதாகிறது.

ஆனால் தக்கலை வீட்டில் வழக்கை முடிவுக்குக் கொண்டுவருவது கண்ணல்ல, கை. மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது, தண்ணீருக்கு எளிதில் இணங்காதது. சாளைமீன் கறியை மரச்சீனிக் கிழங்கோடு பிசைந்துண்ட வலக்கை, இருமுறை சோப்புப் போட்டபின்னும் தன் உணவைக் கண்ணுக்கு நினைவூட்டும் இயல்புடையது. காலையில் பட்டினிக் கையால் போட்டாலும், இரவில் கழற்றுவது மீன்கறி கண்ட கையே. இதைப் பரிசீலித்து, மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமை முழுதும் பழைய கண்ணாடியே மூக்கேற வேண்டும் என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. மகள் முகம் சுளிக்கிறாள். தினசரி லென்ஸானால் 52 ஞாயிறுக்கு 104 மிச்சம் என்று கண்ட தகப்பனாரோ, வாரத்தில் இன்னொரு நாளும் மீன் வாங்கினால் குடும்பத்துக்கு ஆதாயமாகுமே என்று பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படுகிறார்.