சில்லுச் சப்பாத்துக்காரர்

கொழும்பில் கடை வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வரும்போது அம்மாவுக்குச் சேலை, தங்கச்சிக்குச் சுடிதார், அப்பாவுக்கு டோர்ச் லைட் என்று தூக்கிவருவது வழக்கம். நம்மவர் கையில் கூடுதலாக ஒரு பெட்டி இருக்கும். அதை லயத்து வாசலில் வைத்துத்தான் பிரிப்பார். காம்பராவுக்குள் பிரித்தால் யார் பார்ப்பது?

ஒரு சப்பாத்துக்கு நாலு சில்லு, நாலும் ஒரே வரிசையில். வலது குதிகாலில் மட்டும் ஒரு ரப்பர் கட்டை. "அதுதான் பிரேக்" என்பார். "அப்ப எடது காலு எப்பிடிண்ணே நிக்கும்?" என்று ஒரு பொடியன் கேட்பான். நம்மவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வரும்.

காலில் மாட்டுமுன் விரிவுரை. சில்லின் விட்டம் 80 மில்லிமீட்டர், கெட்டி 82ஏ. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 செக்கனில் முடித்துத் தங்கம் வாங்கியதை, தானே கூட ஓடியதுபோல் சொல்வார். கணக்குப் போட்டால் மணிக்கு 42 கிலோமீட்டர். பொகவந்தலாவை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸே அதற்கு யோசிக்கும்.

மெர்லின் கதையை மட்டும் அவர் சொல்லமாட்டார். 1760களில் லண்டனில் ஜோன் ஜோசப் மெர்லின் என்ற கருவி வல்லுநர், தானே செய்த சில்லுச் சப்பாத்தோடு வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் உருண்டு வந்தாராம். நிறுத்தத் தெரியவில்லை. 500 பவுனுக்கு மேல் பெறுமதியான நிலைக்கண்ணாடி போயிற்று, வயலின் போயிற்று, மனுஷனுக்கும் நல்ல காயம்.

நம்மவர் ஊர் டிக்கோயாவில் நிலைக்கண்ணாடி குறைவு, சரிவு தாராளம். கொட்டின தண்ணீரே நிற்காத ஊரில் சில்லு எங்கே நிற்கும்? தரவளை மைதானத்துப் புல்லில் சில்லு உருளாது. முதல் நாள் நிற்கவும் விழவும் பழகுவதற்குப் புல்தான் தோது என்று பழக்குகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் அங்கே வீடியோ நன்றாக வராதே! மிச்சம் கோயில் வாசல் சிமெந்துத் தரை.

"கோயில் வாசல்ல சப்பாத்தா?" என்பார் தலைவர்.

"சப்பாத்து இல்லீங்க, இது சில்லு."

"அப்ப வாகனமா? வாகனம் சாமிக்கு மட்டும்தான் தம்பி."

கடைசியில் ஸ்டோர் முற்றம், அதுவும் கொழுந்து லொறி வராத நேரம். ஹெல்மட், முழங்கால் கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. மணிக்கட்டுக் கவசம் மட்டும் இல்லை. போட்டால் புதுக் கைக்கடிகாரம் மறைந்துவிடும். அந்தக் கவசம் இல்லாமல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 10 மடங்கு என்று 1996இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு கண்டிருக்கிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் கட்டிய புதுக் கட்டடத்தை 2017இல் மோடியே வந்து திறந்துவைத்தார் என்பது உண்மைதான். அதற்காக இப்படியா?

உருளத் தொடங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முற்றத்துச் சரிவு பார்த்துக்கொள்ளும். பிரேக்தான் வில்லங்கம். வலது காலை முன்னே நீட்டி, விரல்பக்கத்தைத் தூக்கி, குதிகாலை அழுத்த வேண்டும். நம்மவர் விரலைத் தூக்குவார். பயத்தில் முதுகு பின்னே சாயும். அடுத்த நொடி உட்கார்ந்திருப்பார். கைக்கடிகாரம் முதலில் தரை தொடும்.

"முழங்கால மடக்குடா!" என்று கத்துவார் அப்பாயி. முப்பது வருஷம் கொழுந்துக்கூடையைச் சுமந்து ஈரமலை இறங்கியவர். "எறக்கத்துல நெட்டுக்குத்தலா நின்னா மலை தள்ளிவிடாதா?" பயிற்சிப் புத்தகங்களின் முதல் பாடமும் முழங்காலை மடக்குவதுதான். நம்மவரோ அப்பாயியை விட்டுவிட்டு யூடியூப்பைத் தட்டுவார்.

லீவு முடிந்து அவர் கொழும்புக்குப் பஸ் ஏறியதும், சில்லு எட்டும் பொடியன்களின் பலகை வண்டிகள் இரண்டுக்கு அடியில் போய்ச் சேரும். முன்வண்டிக்கு அந்த ரப்பர் கட்டையையும் ஆணி அடித்துப் பூட்டியிருப்பார்கள். அங்கே அது நன்றாகவே பிடிக்கிறது.