வாழ்நாள் இலவசம்

2015-இல் கூகுள் ஃபோட்டோஸ் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் ஏற்றலாம், காசே வேண்டாம் என்றார்கள். நம்மவர்கள் விடுவார்களா? கல்யாண ஆல்பம், ஆதார் நகல், கேஸ் ரசீது, ரோஜாப்பூவோடு தினமும் வரும் 'காலை வணக்கம்' எல்லாம் மேலே ஏறின. 2021 ஜூன் 1 முதல், ஏற்றுகிற படமெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும், மீறினால் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. காலை வணக்கம் மட்டும் நிற்கவில்லை.

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் இதைவிடத் தாராளம். பழைய பாட்டு, படம், வீடியோவெல்லாம் சர்வர் மாற்றும்போது போய்விட்டிருக்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. விஷயம் 2019-இல் ஊரறிந்தது. 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள்! இரவல் வாங்கிய இட்லிப் பானையைத் தொலைத்த பக்கத்து வீட்டுக்காரர்கூட இதைவிட நீளமாகக் காரணம் சொல்வார்.

2 ஆண்டு எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது இப்போது கூகுள் விதி. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அவர் கணக்கை யார் எட்டிப் பார்ப்பது? கடவுச்சொல்லை டைரியில் எழுதிப் பீரோவில் வைத்திருப்பார். பீரோ சாவியைப் பெற்ற பிள்ளையிடம்கூடத் தந்திருக்க மாட்டார்.