கைக்கு டிகிரி தெரியுமா?

கேள்வி: இரண்டு வயதுப் பாப்பாவுக்கும் நாய்க்குட்டிக்கும் உடம்பு சுடுகிறது. பாப்பாவின் பாராசிட்டமால் சிரப்பையே குட்டிக்கும் ஊற்றலாமா?
– சிப்காட் வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது! பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இப்யூபுரூஃபன் அதைவிட மோசம். அதற்கும் முன்னால், குட்டிக்குக் காய்ச்சல்தானா என்று பாருங்கள். பால்குடி மறந்த குட்டிக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. பாப்பாவுக்கோ 100.4 வந்தாலே காய்ச்சல். ஓசூர்க் குளிரில் நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்து, விறைத்த கையால் தொட்டால் யார் உடம்பும் அடுப்பாகத்தான் தெரியும். கைக்கு அன்பு தெரியும், டிகிரி தெரியாது. மூக்கு காய்ந்திருப்பதும் குட்டிக்குக் காய்ச்சல் என்பதற்குச் சாட்சியாகாது. ஆளுக்கொரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். குட்டிக்கு ஆசனவாயில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவர்.

“பாட்டி தொட்டுப் பார்த்துத்தானே எங்களை வளர்த்தார்?” என்பீர்கள். உண்மை. ஆனால் பாட்டி சூட்டை மட்டுமா பார்த்தார்? பிள்ளை பால் குடிக்கிறதா, சிரிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று நாள் முழுக்கக் கவனித்தார். அந்தக் கண் இன்றும் வேண்டும். 102 டிகிரியிலும் விளையாடும் குழந்தையைவிட, 100.5-இல் துவண்டு கிடக்கும் குழந்தைதான் எனக்குக் கவலை. டெங்கு நடமாடும் ஊர்களில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்கலாம். அப்போது விடாத வாந்தி, வயிற்றுவலி, ரத்தக்கசிவு எது வந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 100.4 என்றாலே, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசரமென்றால் பாப்பாவுக்கு 108, குட்டிக்கு 1962.