போர்வைக்குள் ஒரு பேரரசர்

கேள்வி: காலையில் எழவே மனம் வராத எழுத்தாளருக்கு ஸ்டோயிக் தத்துவத்தில் மருந்து உண்டா?

பதில்: உண்டு. அதே நோய் ரோமப் பேரரசர் ஒருவருக்கும் இருந்தது. கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், தமக்கென கிரேக்க மொழியில் எழுதி வைத்த 'தியானங்கள்' குறிப்புகளின் ஐந்தாம் பகுதியை, போர்வையின் கதகதப்பை விட மறுக்கும் தம்மையே அதட்டித் தொடங்குகிறார். எறும்பு, சிலந்தி, தேனீ எல்லாம் தத்தம் வேலையைப் பார்க்கையில் மனிதனுக்கு மட்டும் என்ன சுணக்கம் என்பது அவர் கேள்வி. தொழிலை நேசிப்பவர்கள் குளியலையும் சாப்பாட்டையும் மறந்து உழைப்பார்கள் என்றும் சொல்கிறார். (இந்த வாதம் எழுத்தாளரின் வீட்டில் எடுபடாது.)

அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் வகுத்த விதி இன்னும் கறாரானது: முயற்சி அவரவர் கையில், புகழ் பிறர் கையில். அதாவது, கதையை ஒழுங்காக எழுதுவது எழுத்தாளர் பாடு. பிரசுரிப்பது பத்திரிகை ஆசிரியர் பாடு. திரும்பி வந்த கதைக்காக மூன்று நாள் முகம் தூக்கிக்கொண்டிருப்பது தத்துவத்தில் சேராது. எபிக்டெட்டஸ் தம் கைப்பட எழுதியதாக எதுவும் கிடைக்கவில்லை. மாணவர் அரியன் எடுத்த வகுப்புக் குறிப்புகளே இன்று புத்தகமாக விற்கின்றன.